மூதூருக்குப் போன சீஸ் கேக்

சீஸ் கேக்கைத் தாங்கி நிற்பது மா அல்ல, முட்டை. கொழுப்பு மிகுந்த வெண்ணிறக் கூழை முட்டையின் புரதம் இளஞ்சூட்டில் மெல்ல மெல்ல இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அது கத்திக்கு இணங்கும் பதத்துக்கு வருகிறது. அந்த வகையில், பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும் பட்டர் கேக்கைவிட, பெருநாள் காலத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீடுதோறும் அவிக்கப்படும் வட்டிலப்பத்துக்கே அது நெருங்கிய உறவு. தேங்காய்ப்பாலின் இடத்தில் பாலாடைக்கட்டி, கித்துள் கருப்பட்டியின் இடத்தில் சீனி, ஆவியின் இடத்தில் ஓவனின் உலர்ந்த வெப்பம் என்று மாற்றி வைத்துப் பார்த்தால், வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்த எவருக்கும் சீஸ் கேக் அந்நியமாகத் தோன்றாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. நான் இங்கே எழுதப்போகும் துண்டங்கள், வட்டிலப்பத்தில் கைதேர்ந்த ஒரு வீட்டுக்குச் செல்லவிருந்தவை.

என் தோழி மூதூரைச் சேர்ந்தவள். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அதன்பின் நான் திருகோணமலை நகரத்திலும் அவள் தன்னுடைய ஊரிலுமாகக் கற்பித்து வருகிறோம். சென்ற ஆடி மாதத்தில் அவள் இலங்கை அதிபர் சேவைக்குத் தெரிவாகி ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்றாள். புதிதாக அதிபரானவருக்குச் சுவர்க் கடிகாரமும் பேனாப் பெட்டியும் பொன்னாடையும் கொடுக்க ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நான் அவளுக்குத் தின்னக் கொடுக்க விரும்பினேன். அவளுடைய விருப்பமோ எனக்கு நன்றாகத் தெரியும். போட்டிப் பரீட்சைக்குப் படித்த காலமெல்லாம் அவளுடைய மேசையில், சுற்றறிக்கைகளுக்கும் பழைய வினாத்தாள்களுக்கும் நடுவே, ஒரு தாள் சுருளில், நிலக்கடலையைச் சீனிப் பாகில் இறுக்கிய கச்சான் அல்வா இருக்கும். கச்சானைக்கூட ஒதுக்கிவிடுவாள், கச்சானைச் சுற்றி உறைந்திருக்கும் பாகு பல்லில் நொறுங்கும் அந்தச் சத்தத்துக்காகவே தின்கிறாளோ என்று நான் நினைப்பதுண்டு. அந்த நொறுங்கல் கெடாமல் கச்சான் அல்வாவைச் சீஸ் கேக்கின் நடுவில் ஒளித்து வைக்க முடியுமா என்பதே நான் எனக்கு வைத்துக்கொண்ட கேள்வி.

சீஸ் கேக்கின் உள்ளே இனிப்பு வகைகளை வைத்துச் சுடும் வழக்கம் அமெரிக்க வீட்டுச் சமையலறைகளில் மிகச் சாதாரணமானது. ஒக்டோபர் 31ஆம் திகதி ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று வாங்கி வரும் மிட்டாய்களும் சொக்லேட்டுகளும் பைக்கணக்கில் மிஞ்சும்போது, அவற்றை நறுக்கிக் கேக்கிலும் பிஸ்கட்டிலும் இட்டுத் தீர்ப்பார்கள். அங்கே இதற்கு அதிகம் பயன்படுவது ஸ்னிக்கர்ஸ் போன்ற கச்சானும் கரமெலும் சேர்ந்த சொக்லேட் கட்டிகள். 1930ஆம் ஆண்டிலிருந்து விற்பனையில் இருக்கும் அந்தக் கட்டி கிட்டத்தட்ட இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளிலும் அது கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் 2022 ஓகஸ்ட் மாதத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, சொக்லேட் உட்பட 300 நுகர்வுப் பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதே, அந்தக் காலத்தில் உள்ளூர் இனிப்புகளை வைத்துச் சமாளிக்கப் பழகிய கை இன்னும் இறக்குமதிச் சொக்லேட்டின் பக்கம் முழுமையாகத் திரும்பவில்லை. திரும்பவேண்டிய தேவையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சீஸ் கேக்குக்குள் எந்த இனிப்பை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. சமையற் குறிப்பு எழுதுபவர்கள் பலர் "உங்களுக்குப் பிடித்த இனிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் இந்தப் பண்டத்தில் யோசிக்கவேண்டிய இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அளவும் பொறுமையும். சீஸ் கேக்கின் கூழில் ஏறத்தாழப் பாதி நீர். இனிப்புகளிலோ நீர் மிகக் குறைவு. சீனிக்கு நீரை இழுக்கும் குணமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்து ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் விட்டால், நீர் இருக்கும் பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். விடியும்போது எந்த இனிப்பு என்ன கோலத்தில் இருக்கும் என்பது, அந்த நீரை எதிர்த்து நிற்க அதனிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

புளிப்பு மிட்டாய், தோடம்பழ மிட்டாய் போன்ற கெட்டி மிட்டாய்கள் முழுவதுமாகக் கரைந்து, இருந்த இடத்தில் ஒரு பாகுக் குழியை மட்டும் விட்டுச் செல்லும். நிறமூட்டிய சீனி ஓடு போர்த்திய சொக்லேட் பொத்தான்கள் சாயம் விடும். வெண்ணிறக் கேக்கில் பச்சையும் சிவப்பும் வளையம் வளையமாகப் பரவி நிற்பது பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அழகாக இருக்கலாம், அதிபருக்கு அல்ல. வேஃபர் அடுக்கிய சொக்லேட்டில், வெட்டப்பட்ட பக்கத்தின் வழியே ஈரம் நுழைந்து வேஃபர் ஊறிப் போகும். வேஃபரின் பயனே மொறுமொறுப்புத்தான் என்பதால் அது வீண். மாஷ்மெலோ சூட்டில் உருகி மேலே மிதந்து வந்துவிடும். ஜெலி மிட்டாய்களும் அப்படியே; அவற்றைத் திரட்டி வைத்திருக்கும் ஜெலற்றின் உடல் வெப்பத்திலேயே இளகிவிடக்கூடியது.

ஜெலற்றினைத் தள்ளிவைக்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அது பெரும்பாலும் பன்றியின் அல்லது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஹலால் முறைப்படி பெறப்பட்டது என்று பொதியில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி, என் தோழியின் வீட்டுக்கு அது ஆகாது. வனிலா எசன்ஸையும் பார்த்துத்தான் வாங்கினேன். பல போத்தல்களில் வனிலா மதுசாரத்தில் கரைக்கப்பட்டிருக்கும் என்பதால் தூளாகக் கிடைக்கும் வனிலாவே நல்லது. பாலாடைக்கட்டிகளில் பலவற்றைத் திரட்டக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதியம் பயன்படுகிறது. கிரீம் சீஸ் பெரும்பாலும் நுண்ணுயிர்ப் புளிப்பினால் திரள்வது என்றாலும் பொதியைப் படிப்பது நட்டமில்லை. அவள் இவற்றையெல்லாம் என்னிடம் கேட்டிருக்கமாட்டாள். கேட்காமலே கையை நீட்டி எடுத்துத் தின்னும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்பதனால்தான் பொதியின் பின்பக்கத்துச் சிற்றெழுத்துகளைக் கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டியிருந்தது.

இனிக் கச்சான் அல்வாவுக்கு வருவோம். சீனிப் பாகை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டதும் சடக்கென முறியும் பதத்தில், வறுத்துத் தோல் நீக்கிய கச்சானைக் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்புவது அது. அந்தச் சூட்டில் பாகில் நீர் மிகச் சொற்பமே எஞ்சியிருக்கும். ஆகவே ஈரத்துக்கு அது மிக எளிதில் இரையாகும். கடற்காற்றில் திறந்து வைத்தாலே மாலைக்குள் விரலில் ஒட்டத் தொடங்கிவிடும். சீஸ் கேக்கின் நடுவில் வெறுமனே வைத்தால் பாகு கரைந்து கசிய, அவித்த கச்சான் போன்ற மெத்தென்ற பருப்புகள் மட்டும் மிஞ்சும். ருசி இருக்கும், நொறுங்கல் இருக்காது. என் தோழிக்கு வேண்டியதோ நொறுங்கல்.

ஸ்னிக்கர்ஸ் ஏன் இந்த வேலைக்கு ஒத்துவருகிறது என்பது இங்கேதான் விளங்கும். அதன் சொக்லேட் உறை வெறும் சுவைக்காக மட்டும் இருப்பதில்லை. சொக்லேட் அடிப்படையில் கொழுப்பு. கொழுப்பினூடாக நீர் எளிதில் ஊடுருவாது. உறை முழுமையாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் கரமெலும் கச்சானும் வெளியீரத்திலிருந்து காப்பாற்றப்படுகின்றன. அமெரிக்கக் குறிப்புகள் அந்தக் கட்டியை நறுக்கிச் சேர்க்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நறுக்கினால் வெட்டுப் பக்கங்கள் திறந்துவிடுகின்றன. பிறகு உறை இருந்தும் என்ன? சிறு கட்டிகளை முழுதாகவே வைக்கவேண்டும். அதே உத்தியைக் கச்சான் அல்வாவுக்கும் செய்யலாம் என்பது வெளிப்படை. செய்தேன்.

அல்வாவை இரண்டு சென்ரிமீற்றர்ச் சதுரங்களாக, பாகு இளஞ்சூடாக இருக்கும்போதே வெட்டினேன். ஆறவிட்டால் கத்தி போகும் வழியில் முறியாது, தன் இஷ்டத்துக்கு முறியும். நிலாவெளி உப்பளத்துப் பக்கமிருந்து வந்த கல்லுப்பை நுணுக்கி, பாகு இறுகுமுன் மேலே இலேசாகத் தூவினேன். இனிப்புக்குள் இனிப்பு வைக்கும்போது எங்காவது ஓர் உப்புக்கல் நாக்கில் படாவிட்டால் இரண்டாவது கடி திகட்டிவிடும். பிறகு கறுப்புச் சொக்லேட்டை உருக்கி, ஒவ்வொரு சதுரத்தையும் முள்ளுக்கரண்டியால் அமிழ்த்தி எடுத்து ஒயில் பேப்பரில் வைத்தேன். கரண்டி தொட்ட இடத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு எப்போதும் இருக்கும். அந்த இடத்துக்கு இரண்டாம் முறையும் சொக்லேட் தடவுவது வீண்வேலை அல்ல. ஊசிமுனையளவு துவாரம் இருந்தாலும் ஈரம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கொக்கோ வெண்ணெய் 34 பாகை அளவிலேயே உருகிவிடும் என்பதை ஆடி மாதத்துத் திருகோணமலையில் மறந்திருக்க முடியாது. கச்சான் என்றே பெயர்பெற்ற வறண்ட காற்று மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஈரத்தை உதறிவிட்டு அனலாக இறங்கும் நாட்களில், உள்துறைமுக வீதியில் மதியத்தின் வெப்பநிலையே அதைத் தொட்டுவிடும். சமையலறை மேசையில் சொக்லேட் இறுகும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். எனவே அதிகாலையில் அமிழ்த்தி, நேராக உறைபெட்டியில் வைத்தேன். உறைந்த நிலையிலேயே அவை கூழுக்குள் போகவேண்டும் என்பதால் அது ஒருவகையில் வசதியாகவும் போயிற்று. ஓவனில் சொக்லேட் உருகிவிடாதா என்று கேட்கலாம். உருகும், ஆனால் கூழின் உட்பகுதி 70 பாகைக்கு மேல் போவதில்லை, அதற்குள் சுற்றியுள்ள கூழ் இறுகிச் சுவராக நின்றுவிடுகிறது. உருகிய சொக்லேட்டுக்கு ஓட இடமில்லை. குளிரும்போது இருந்த இடத்திலேயே மீண்டும் உறைகிறது.

கிரீம் சீஸ் என்பது 1870களில் நியூயோர்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் ஊரில் வில்லியம் லோரன்ஸ் என்ற பாற்பண்ணையாளர் உற்பத்தி செய்யத் தொடங்கிய பொருள். 1880இல் அதற்கு ஃபிலடெல்ஃபியா என்று வணிகப் பெயர் சூட்டப்பட்டது. அந்த நகரத்தில் செய்யப்பட்டதற்காக அல்ல, நல்ல பாற்பொருளுக்கு அந்த நகரத்துக்கு அப்போது இருந்த பெயருக்காக. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 33 வீதம் பாற்கொழுப்பு இருக்கவேண்டும், ஈரப்பதன் 55 வீதத்தைத் தாண்டக்கூடாது. நம் நகரத்தின் சுப்பர் மார்க்கட்டில் அது கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கிறது. முழுக்க முழுக்க அதைக் கொண்டே செய்வதென்றால் ஒரு தட்டுச் சீஸ் கேக்கின் செலவில் ஒரு சிறு விருந்தே வைத்துவிடலாம்.

அதற்காக நான் கஞ்சத்தனத்தில் எருமைத் தயிரை எடுத்தேன் என்று யாரும் எண்ணவேண்டாம். எருமைத் தயிர் சேர்த்தது எனக்கு உண்மையிலேயே கூடுதலாகப் பிடிக்கிறது. பசும்பாலில் கொழுப்பு 3 முதல் 4 வீதம் என்றால் எருமைப்பாலில் அது 7, 8 வீதம் வரை இருக்கும். அந்தப் பாலை மண்சட்டியில் உறையவைக்கும்போது சட்டியின் சுவரே நீரில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுவதால், கவிழ்த்தாலும் விழாத கட்டித்தயிர் கிடைக்கிறது. கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஓலையிலும் தாளிலும் வாய் மூடிக் கட்டிய சட்டிகளாக வீதியோரங்களில் அடுக்கியிருப்பார்கள். ஒரு கிலோத் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு வடிதட்டின் மேல் இரவு முழுவதும் வைத்தால், காலையில் துணியை அவிழ்க்கும்போது அதன் நெசவு தயிரின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். கரண்டியால் அழுத்தினால் மடிப்பு மடிப்பாக விலகும், நீர் கசியாது. அந்தப் பதம் வரும்வரை அவசரப்படக்கூடாது. வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் ரொட்டி மாவைக் குழைக்க எடுத்துக்கொண்டேன்.

20 சென்ரிமீற்றர்ச் சதுரத் தட்டுக்கு, அறைச் சூட்டுக்கு வந்த கிரீம் சீஸ் 225 கிராம், வடித்த எருமைத் தயிர் 225 கிராம், சீனி 90 கிராம், முட்டை இரண்டு, சோளமா ஒரு மேசைக்கரண்டி, வனிலாத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. வழமையாக இந்த அளவுக்குச் சீனி 120 கிராமாவது போடுவார்கள். உள்ளே ஒரு முழு இனிப்பு காத்திருக்கும்போது கேக்கும் அதனோடு போட்டியிட வேண்டியதில்லை. தயிரின் புளிப்பு முன்னே நிற்பதுதான் அழகு. சோளமா சேர்ப்பதைச் சிலர் குறையாகக் கருதுகிறார்கள். கிரீம் சீஸ் மட்டுமென்றால் அவர்கள் சொல்வது சரி. தயிர் சேரும்போது சூட்டில் நீர் பிரியும் வாய்ப்பு இருப்பதால் அந்த ஒரு கரண்டி மா காவல் நிற்கிறது. முட்டையைக் கடைசியில் சேர்த்து, மஞ்சட்கோடு மறையும்வரை மட்டும் கலக்கவேண்டும். அதிகம் அடித்தால் காற்று புகுந்து, சுடும்போது பொங்கி, ஆறும்போது அமுங்கி வெடிக்கும்.

அடித்தளம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாரி பிஸ்கட் 180 கிராமைத் தூளாக்கி, உருக்கிய பட்டர் 80 கிராம் விட்டுப் பிசறி, ஒயில் பேப்பர் விரித்த தட்டில் குவளையின் அடியால் அழுத்தி, பத்து நிமிடம் சுட்டு ஆறவைத்தால் போதும். 1874இல் பிரித்தானிய இளவரசர் ஒருவருக்கும் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் நடந்த திருமணத்தையொட்டி லண்டனில் பிறந்த அந்த பிஸ்கட், நம் நாட்டில் நோயாளிக்கும் விருந்தாளிக்கும் பொதுவான தேநீர்த் துணையாகிப் பலகாலம் ஆகிறது. ஆனாலும் பட்டரோடு சேரும்போது அதற்குள் இன்னும் கொஞ்சம் அரச குடும்பத்துக் களை எஞ்சியிருக்கத்தான் செய்கிறது.

ஒயில் பேப்பரைத் தட்டின் இரு பக்கங்களிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரிப்பது துண்டங்களைத் தூக்கி எடுப்பதற்காக என்று எல்லோரும் அறிவார்கள். எனக்கு அந்த விளிம்பு வேறொன்றுக்கும் பயன்பட்டது. நான்குக்கு நான்காகப் பதினாறு துண்டங்கள் வெட்டவேண்டும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அல்வாச் சதுரம் இருக்கவேண்டும், கத்தி எந்தச் சதுரத்தின் மேலும் ஏறக்கூடாது. கூழ் மூடியபின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே தாளின் விளிம்பில் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு பென்சிலால் கீறி வைத்தேன். பாதிக் கூழை ஊற்றி, கோடுகளுக்கு நடுவே கண்மட்டத்தில் வரிசை பார்த்து உறைந்த சதுரங்களை வைத்து, மீதிக் கூழைக் கரண்டி கரண்டியாக, அவை இடம் பெயராதபடி மேலே இட்டேன். ஒரேயடியாக ஊற்றினால் நடு வரிசை ஓரத்துக்கு ஓடிவிடும்.

ஓவனில் 160 பாகையில், நடுத் தட்டில், ஏறக்குறைய 40 நிமிடம். வட்டமான பெரிய சீஸ் கேக்குக்கு வெந்நீர்த் தட்டு வைத்துச் சுடுவார்கள். இவ்வளவு தாழ்வான தட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஓரங்கள் இறுகி, நடுவில் உள்ளங்கையளவு இடம் மட்டும் தட்டை அசைக்கும்போது இலேசாகத் ததும்பினால் எடுத்துவிடலாம். வட்டிலப்பத்தில் ஈர்க்குக் குத்திப் பார்ப்பவர்கள் ஈர்க்கு சுத்தமாக வரும்வரை காத்திருப்பார்கள். இங்கே அது சுத்தமாக வந்துவிட்டால் ஏற்கனவே பிந்திவிட்டது என்று பொருள். தட்டின் சூடே மிச்ச வேலையை முடிக்கும். வெப்பமானி உள்ளவர்கள் நடுவில் 65 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் நிறுத்தலாம், ஆனால் முள்ளைச் சொக்லேட்டில் குத்திவிடக்கூடாது. மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது எங்கள் தெருவில் ஓவனின் சூடும் இறங்கிவிடும் என்பதால் முற்பகலிலேயே சுட்டு முடித்தேன். கதவை ஒரு மரக்கரண்டி செருகித் திறந்து வைத்து உள்ளேயே ஆறவிட்டு, அதன்பின் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

வெட்டுவதற்குக் கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் மீண்டும் தோய்த்துத் துடைக்கவேண்டும். இழுக்காமல் நேராகக் கீழே அழுத்தி, பக்கவாட்டில் உருவவேண்டும். பதினாறில் ஒன்றைச் சோதனைக்காக நடுவே பிளந்தேன். கீழே பொன்னிறத்தில் பிஸ்கட், அதன்மேல் தந்த நிறத்தில் கேக், அதன் நடுவில் சாய்வாக ஒரு கருஞ்சதுரம். அதற்குள் மஞ்சட்பாகும் பாதி பிளந்த கச்சான்களும். சொக்லேட்டுக்கும் கேக்குக்கும் இடையில் மயிரிழையளவு கபில நிறக் கோடு ஒன்று இருந்தது. பாகு கசியவில்லை. கடித்தபோது அது நொறுங்கிய சத்தம் அடுத்த அறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளுக்குக் கேட்டதால், அந்தத் துண்டத்தின் மறுபாதி எனக்குக் கிடைக்கவில்லை.

கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை. கொட்டியாரக் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்ச் விரைவானதுதான். ஆனால் மேல்தட்டு வெயிலும் உப்புத் தெறிப்பும் இந்தப் பண்டத்துக்கு ஒத்துவராது. தரைவழியே சென்றேன். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தில் 'பாதை' என்னும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து, வாகனத்தோடு அதில் ஏறித்தான் கடக்கவேண்டும்; சீஸ் கேக்கோடு அந்தக் காத்திருப்பை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. முட்டையும் பாலும் சேர்ந்த பண்டத்தை 32 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் பொதுவிதி. மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் ரெஜிபோம் பெட்டியில் புதியதாக ஒன்று வாங்கினேன். புதியதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கழுவிய பழைய பெட்டியில் பாரை மீனின் மணம் போவதே இல்லை, பாற்கொழுப்போ அண்டையில் உள்ள மணத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நீரை உறையவைத்த போத்தல்களைச் சுற்றிலும் நிறுத்தி, துண்டங்களைத் தனித்தனியே ஒயில் பேப்பரில் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கி நடுவில் வைத்தேன். பஸ் நிலையத்தில் கோட்டைப் பக்கத்து மானொன்று பெட்டியை முகர்ந்து பார்க்க வந்தது. இந்த நகரத்தில் மான்களுக்குப் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் அதிகாரம் யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

தோழியின் உம்மாதான் முதல் துண்டத்தை எடுத்தவர். வாயில் போடாமல் விரலால் மேற்பரப்பை அழுத்திப் பார்த்து, "எத்தின முட்டை மகள்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "ரெண்டுக்கு இவ்வளவு நிக்குதா?" என்று தயிரைப் பற்றி விசாரித்து, வடித்த விதத்தைக் கேட்டு அறிந்தபின்தான் கடித்தார். உள்ளே நொறுங்கியதும் அவர் நிறுத்தி, துண்டத்தைத் திருப்பிப் பார்த்த விதத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. தோழியோ எதையும் கேட்கவில்லை. கேக்கைச் சுற்றிலும் தின்று, அல்வாச் சதுரத்தைத் தனியே கடைசிக்கு வைத்துக்கொண்டாள். கச்சானைப் பிரித்தெடுக்க முடியாத அளவுக்குப் பாகில் புதைத்திருந்ததால் இம்முறை அதையும் சேர்த்தே தின்னவேண்டியதாயிற்று. மீதியில் சிலவற்றை மறுநாள் பாடசாலைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிக் குளிர்சாதனப் பெட்டியின் பின்மூலையில், உப்புக்கண்டப் பொதிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

"அடுத்த முறை உள்ளுக்குத் தொதல வெச்சுத் தாவன்" என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய வாப்பாவுக்குத் தொதல் என்றால் உயிர். ஆனால் தொதலின் உடம்பு அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும். அரிசிமாவின் மாப்பொருள் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் மீண்டும் இறுகிக் கட்டிப்படும் இயல்புடையது; முதல்நாள் சோறு குளிரில் விறைப்பதும் இதனால்தான். சீஸ் கேக்கைக் குளிராமல் பரிமாற முடியாது, தொதலைக் குளிரவைத்துத் தின்ன முடியாது. சொக்லேட் உறை ஈரத்தைத் தடுக்குமே தவிரக் குளிரைத் தடுக்காது. அறைச் சூட்டில் வைத்திருந்த தொதலை மெல்லிய சீவலாக்கி, பரிமாறும் வேளையில் மேலே வைப்பது ஒன்றே வழி என்று சொன்னேன். மேலே வைத்தால் அது ஒளித்து வைத்தது ஆகாதே என்கிறாள். தொதலில் அரிசிமாவைப் பாதியாகக் குறைத்து அரைத்த முந்திரியைச் சேர்த்துக் கிண்டிப் பார்க்கலாம் என்பது உம்மாவின் யோசனை. கிண்டித் தருவது அவர் பொறுப்பு, அதைக் கேக்குக்குள் வைத்துச் சுடுவது என் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம்.